ஃபிரேமுக்குள் வந்த மைக்

"கட்! கட்! மைக் மறுபடியும் ஃபிரேமுக்குள்ள வந்துடுச்சு!"

பெய்-யூ தலையில் கை வைத்துக்கொண்டாள். எங்கள் படத்துக்கு அவள்தான் இயக்குநர். கேமராவும் அவள்தான். திட்டுகிற வேலையும் அவளுடையதுதான்.

திட்டு வாங்கிக்கொண்டிருந்தவன் ஆ-தோங். வகுப்பிலேயே நெட்டையன் என்பதால் மைக் பிடிக்கிற வேலை அவனுக்கு. துணி காயப்போடுகிற நீளக் கோல், அதன் நுனியில் மைக். நடிக்கிறவன் தலைக்கு மேலே, படத்தில் தெரியாத உயரத்தில் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதுகூட வரவில்லை.

"சாரி, கை நழுவிடுச்சு." மைக்கில் விழுவதைக் கேட்கிற ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு இளித்தான்.

"நழுவாம என்ன செய்யும்? காலையில ஊதுபத்தி அணையறதுக்கு முன்னாடியே படையல் பிஸ்கட்டைத் தின்னவன்தானே நீ!"

அது உண்மை. படப்பிடிப்பு தொடங்குவதற்கு முன்னால் மேஜை போட்டு, பழம் வைத்து, ஊதுபத்தியோடு எல்லோரும் கண்ணை மூடி நின்றபோது இவன் பாக்கெட்டைப் பிரித்தான். பார்த்தது நான்தான். போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

கீலுங் துறைமுகத்தில் வழக்கம்போல் தூறல். பள்ளிப் படிப்பு அப்போதுதான் முடிந்திருந்தது. படமே ஒரே ஆள், ஒரே போன். நிறுத்தாமல் ஒரே ஷாட். கப்பல் வேலைக்குப் போகச் சொல்கிற அப்பாவிடம் மகன் போனில் பேசுகிறான்.

கதை எழுதியவன் போ-யென். மகனாக நடிப்பவனும் அவன்தான். அவனுக்குத் திக்கும். வகுப்பில் தன் பேரைச் சொல்லவே திணறுவான். ஆனாலும் இந்த வசனத்தைத் தன் வாயால்தான் சொல்லுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

பெய்-யூ ஒரு நிபந்தனை போட்டிருந்தாள்.

"மீன் லாரி வந்தா இடத்தைக் காலி பண்ணணும். நீ ஒரு தடவை திக்கினாலும் என் சித்தப்பா பையனை நிக்க வெச்சிடுவேன். அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

சித்தப்பா பையன் அதே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்கூட்டரில் உட்கார்ந்து பால் டீயை உறிஞ்சிக்கொண்டிருந்தான். போ-யென் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நான் கிளாப் அடித்தேன். போ-யென் போனைக் காதில் வைத்தான். வாயைத் திறந்தான். மைக் அவன் மூக்குக்கு முன்னால் வந்து ஆடியது.

"கட்! டேய் கொக்கு! தோள்ல எலும்பு இருக்கா, இல்லையா?"

"பசிக்குதுடி. சாப்பாட்டுப் பெட்டி எப்போ வரும்?"

"ஒழுங்காப் பிடி, வரும்."

அடுத்த டேக்கில் பாதி வசனம் தாண்டியது. மைக் போ-யென் தலையிலேயே தொப்பென்று உட்கார்ந்தது. எல்லோரும் சிரித்துவிட்டோம். போ-யென்கூடத் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான். பெய்-யூ மட்டும் சிரிக்கவில்லை.

"குடுடா, நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"உன் உயரத்துக்கு மைக் அவன் இடுப்பு வரைக்கும்தான் வரும். போய்ப் பலகையை அடி."

ஆ-தோங் கோலைத் தரவே இல்லை. அதற்கடுத்த டேக்கையும் கெடுத்தான்.

தூரத்தில் லாரி ஹார்ன் கேட்டது. சித்தப்பா பையன் ஸ்கூட்டரை விட்டு இறங்கினான்.

"இதான் கடைசி" என்றாள் பெய்-யூ. "ஆ-தோங், இந்தத் தடவையும் மைக் வந்தா உன்னைத் தூக்கித் தண்ணியில போட்டுடுவேன்."

போ-யென் மழையைப் பார்த்தான். மெதுவாக மூச்சு விட்டான்.

"அப்பா... நான் கப்பல் ஏறல. நீங்க திட்டினாலும் சரி. இங்கதான் இருக்கப் போறேன்."

ஒரு வார்த்தையும் சிக்கவே இல்லை. மைக்கும் இறங்கவில்லை.

"ஓகே!" என்று பெய்-யூ கத்திய கத்தலில் கடல்காகங்கள் பறந்தன. போ-யென் போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதான். நாங்கள் அவனைச் சுற்றிக் குதித்தோம்.

குதித்து முடித்ததும் பெய்-யூ திரும்பினாள்.

"பார்த்தியா? இவன் ஒரு தடவைகூடத் திக்கல. இத்தனை டேக் வீணானது உன் ஒருத்தனாலதான். மானம் இருந்தா அடுத்த படத்துக்கு வந்துடாதே."

"சரிங்க மேடம்."

ஆ-தோங் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். கை நடுங்கிய நடுக்கத்தில் குச்சியைப் பிடிக்க முடியவில்லை. குனிந்து, பன்றி வறுவலை வாயாலேயே கவ்வினான். அதற்கும் சிரித்தோம்.

அடுத்த படம் என்று ஒன்று வரவே இல்லை. பெய்-யூ தைபேய்க்குப் படிக்கப் போனாள். போ-யென் தெற்கே எங்கேயோ கல்லூரியில். ஆ-தோங் ராணுவப் பயிற்சியில். எனக்குப் படிப்பு போதும் என்று தோன்றியது. மாமா கடையில் ஸ்கூட்டர் கழுவுகிறேன். எங்கள் சாட் குழுவில் இப்போது பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வருகிறது. அதுவும் பொம்மைப் படம்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர்கள் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது. படத்தைப் போடவில்லை. அதில் போ-யென் குரல் மட்டும்தான் இருக்கும். வீணான டேக்குகளைத் திறந்தேன். அதில்தான் எல்லோரும் கத்துவோம்.

ஒலியைத் தனி ரெக்கார்டரில் பிடித்திருந்தோம். கடைசி டேக்கின் ஒலியை மட்டும் எடுத்துப் படத்தோடு ஒட்டினோம். மற்றதை இதுவரை யாரும் கேட்டதே இல்லை.

கேட்டேன். மைக் இறங்குவதற்குச் சற்று முன்னால், போ-யென் தொண்டையில் மூச்சு சிக்குகிற சின்னச் சத்தம். அடுத்த டேக்கிலும் அப்படித்தான். அதற்கடுத்ததிலும். பக்கத்தில் நின்றிருந்தாலும் காதில் விழாது, அவ்வளவு சின்னச் சத்தம். கடைசி டேக்கில் மட்டும் அது இல்லை.

அன்றைக்கு எங்களில் ஹெட்போன் மாட்டியிருந்தது ஆ-தோங் ஒருவன்தான்.