புறங்கை முடி

திருத்தணி மலையில் மொட்டை அடிக்கும் மண்டபம். கத்தியோடு இருந்த மைத்துனன் பங்காருவின் எதிரே வந்து உட்கார்ந்த வேதாசலம் தலையைக் குனியவில்லை. வலது கையை நீட்டினார். அறுந்த நரம்பைத் தைத்து, மேலே வயிற்றுத் தோலை வைத்து ஒட்டிய கை. புறங்கையில் கரடியே பொறாமைப்படும் அளவுக்கு முடி மண்டிக் கிடந்தது.

“தோலு புட்ச்சிகிச்சுடா பங்காரு! வயித்துத் தோலாச்சே, முடி வளந்துகினே கீது. வழிச்சு வுடு.”

“முருகனுக்குக் கைமுடி குடுக்குற மொத ஆளு நீதான் பாவா!”

வரிசையில் எழுந்த சிரிப்பில் மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் ஆடின.

“வெரலு மடங்குதா? மடங்குனாதான பொழப்பு?” வழித்தபடியே கேட்டான் பங்காரு.

“அதப் பாக்கத்தான் வந்தேன். கத்தியக் குடு.”

விரல்கள் விறைத்தே நின்றன. கத்தி நழுவி விழுந்தது. மறுபடி எடுத்தார், மறுபடியும் விழுந்தது.

பங்காரு தன் பலகையை விட்டு எழுந்தான். “ஒன் எடம் பாவா. வந்து உக்காரு.”

அந்தப் பலகையில் முப்பது வருஷம் உட்கார்ந்து லட்சம் தலைகளை மழித்தவர் வேதாசலம். அவர் கை தேறும்வரைக்கும் என்று வந்தவன்தான் பங்காரு.

வேதாசலம் வழித்த கையைத் துண்டால் மூடிக்கொண்டார்.

“நீயே இருடா. வரிசைல கொழந்த அழுதுகினு கீது பாரு, கூப்புடு.”