கதவு திறக்கவில்லை

'கதவு உள்ளிருந்து திறக்கவில்லை. அந்த ஆள் எப்போதும் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறான். தயவுசெய்து சீக்கிரம் சரிசெய்யவும்.'

மூன்றாவது முறையாக அதே புகார். மைத்தே அலுத்துக்கொண்டாள். 'உப்புத் தீவு' வெளியாகி நான்கு மாதமாகியும் அந்த விளையாட்டின் கோளாறுகள் ஓய்ந்தபாடில்லை. ஒன்றைச் சரிசெய்து அனுப்பினால் இன்னொன்று முளைத்தது.

மொன்டெவிடேயோ துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அன்று இரண்டே பேர். மற்றவர்கள் புவெனஸ் அயர்ஸ் கண்காட்சிக்குப் போயிருந்தார்கள். ஆடுகிறவர்களின் கடிதங்களைப் படித்துப் பதில் போடுவது மைத்தேயின் வேலை. விளையாட்டை எழுதிய ஃபெர்மின் அந்தக் கடிதங்களின் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை. "அழுறவங்க எல்லாம் உன் பங்கு" என்று அவளைக் கேலி செய்வான்.

முதல் இரண்டு புகார்களையும் அவள் பாதிதான் படித்திருந்தாள். விளையாட்டை மூடிவிட்டு மறுபடி திறந்து பாருங்கள் என்று வழக்கமான பதிலை அனுப்பியிருந்தாள். தீவில் ஒவ்வொருவரும் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வதால், யாருடைய கதவு எங்கே மாட்டிக்கொண்டது என்று இங்கிருந்தே சொல்லிவிட முடியாது.

ஆனால் புகார் வந்திருந்தது புதிய பதிப்பிலிருந்து. வெள்ளிக்கிழமை வெளியிட வேண்டியது. அதற்கு முன் சோதித்துப் பார்க்க விரல்விட்டு எண்ணக்கூடியவர்களிடம்தான் அது இருந்தது. அதனால் இந்த முறை கடைசி வரி வரை படித்தாள்.

'கதவைத் தட்டினால் கீழ்வீட்டு நாய் குரைக்கிறது. அவன் எழுந்து வந்துவிடுகிறான்.'

மைத்தேயின் விரல்கள் அப்படியே நின்றன. உப்புத் தீவில் நாய் கிடையாது. நாயை எப்போது விடப்போகிறீர்கள் என்று கேட்டுத்தான் தினம் ஐம்பது பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பழைய புகார்களைத் தேடித் திறந்தாள். 'பதினெட்டு நாளாக ஒரே அறை.' 'அடிபட்டால் சத்தம் வெளியே கேட்பதில்லை.' இதற்குத்தான் மூடிவிட்டுத் திறந்து பாருங்கள் என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். போலீஸில் எடுத்தவள் சுலேமா என்ற அதிகாரி. குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, நேராக எதையும் கேட்க வேண்டாம், அவனும் திரையைப் பார்க்கக்கூடும், வழக்கம்போலவே எழுதுங்கள் என்றாள். முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றும் சொன்னாள்.

மைத்தே திரும்பி வந்து எழுதினாள்: 'கோளாறைச் சரிசெய்ய, உங்கள் வீடு எத்தனையாவது மாடி, ஜன்னலிலிருந்து என்னென்ன தெரிகிறது என்று தெரிவிக்கவும்.'

பதினோரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது. மூன்றாவது மாடி. எதிரே பச்சை விளக்கு போட்ட மருந்துக்கடை. பஸ் திரும்பும் முனை. பக்கத்து மாடியில் மஞ்சள் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் கீழே ஒரு வரி: 'அந்த ஆள் இப்போது திரையில் இல்லை. இருட்டுவதற்குள் வந்துவிடுவான்.'

குளிர்காலம். ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். மணி நாலேகால். அதை அப்படியே சுலேமாவுக்கு அனுப்பிவிட்டு, திரையையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

ஃபெர்மின் அதைக் கவனித்துவிட்டான். சூடாக மாத்தே மூலிகைத் தேநீர் கலந்து கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தான்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கே?"

அவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போலிருந்தது அவளுக்கு. அடக்கிக்கொண்டு, வயிறு சரியில்லை என்றாள். அப்படியானால் வீட்டுக்குப் போ, இன்றைக்கு ஒருநாள் கடிதங்களை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் அவன். அவள் அவசரமாகத் தலையாட்டி மறுத்தாள். அவன் வற்புறுத்தவில்லை, தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போர்த்திவிட்டுத் தன் இடத்துக்குப் போனான். நல்ல நண்பனிடம் பொய் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு உறுத்தியது.

ஐந்து மணி தாண்டியது. ஜன்னலில் வெளிச்சம் மங்க மங்க அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் முந்திக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்துவிட்டால்?

போன் அடித்தது. சுலேமா.

"கதவை உடைச்சிட்டோம். பொண்ணு உயிரோட இருக்கா. புருஷன்தான் அடைச்சு வச்சிருக்கான், வீட்டுல அவன் இல்ல. கணினியில மத்ததெல்லாம் பூட்டிட்டானாம், உங்க விளையாட்டு மட்டும்தான் திறந்துச்சாம்."

மைத்தேயின் கண்களில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த மேசையிலிருந்து ஃபெர்மின் நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று புருவத்தை உயர்த்திக் கேட்டான். ஒன்றுமில்லை, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கையசைத்துச் சிரித்தாள்.

சுலேமாவின் குரல் தணிந்தது. "இப்போ நான் கேக்கறதுக்கு ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. முகத்துல எதையும் காட்டிக்காதீங்க."

"சரி."

"ஃபெர்மின் உங்க பக்கத்துலயா இருக்கான்?"