வளையாத உத்திரம்

“உங்க பொண்ணு ரூம் கூரையைத் தாங்கப் போற உத்திரம் இதுதாம்மா. பழைய இரும்பு. தீப்பிடிச்ச நூல் மில்லுல இருந்து எடுத்தது,” என்றார் பொறியாளர்.

வீடு கட்டும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. இவள் வேண்டாமென்றால் நல்ல உத்திரம் வீணாக உலைக்குப் போய்விடுமே என்று அவர் பதறினார்.

“பயப்படாதீங்கம்மா. இரும்பு எரியாது, ஆனா சூட்டுல இளகித் தொய்ஞ்சிடும். இதுக்குத் தீத்தடுப்புப் பூச்சு அடிச்சிருந்தாங்க. சூடு பட்டதும் அது பஞ்சு மாதிரி உப்பி இரும்பை மூடிக்கும். நானே நூல் பிடிச்சுப் பார்த்தேன், மயிரிழைகூட வளையல. பலம் அப்படியே இருக்குன்னு சோதனைக்கூடத்துலயும் சொல்லிட்டாங்க...”

“கொஞ்சம் மூச்சு விட்டுப் பேசுங்க சார்.”

அவர் அசடு வழிந்தார். “ராசி பார்த்தீங்கன்னா, புதுசே வாங்கிடலாம்மா.”

“மில்லுல இது எந்த இடத்துல இருந்துச்சு?”

“மாடிப்படி வாசலுக்கு மேல. மத்ததெல்லாம் சரிஞ்சு விழுந்துடுச்சு.”

அவள் உத்திரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள். வெகுநேரம் கையை எடுக்கவே இல்லை.

“அந்த வாசல் வழியா கடைசியா வெளிய வந்தது நான்தான் சார். அப்ப எனக்கு நிறைமாசம். என் பொண்ணு தலைக்கு மேல இது மறுபடியும் நிக்கட்டும்.”