குறையாத கால்சியம்

“கையை எடு மாப்ளே! அது தண்ணி இல்ல, சமுத்திரம்!”

மைத்துனன் கையை எடுத்துக்கொண்டான். கூடத்தில் சோபாவை மூலைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி. உப்புத் தண்ணீர், நீல விளக்கு, இரண்டு ஆரஞ்சு மீன்கள், பாறையெங்கும் பவளங்கள்.

தொட்டியின் அதிபதி அக்காவின் கணவர். ஓய்வுபெற்ற பொது மேலாளர். மேய்க்க ஆட்கள் இல்லாமல் போனதும் கடலை மேய்க்க ஆரம்பித்தவர். மைத்துனன் மனசுக்குள் அவருக்கு வைத்த பெயர் சமுத்திரராஜன். நெஞ்சில் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. உடம்பு பாதியாகியிருந்தது. குரல் மட்டும் ஆஸ்பத்திரிக்கே போகாதது போல இருந்தது.

“பவளத்துக்கு ரெண்டு மருந்து மாப்ளே. கால்சியம் ஒரு தட்டு, காரத்தன்மை ஒரு தட்டு. தராசு மாதிரி. ஒண்ணை அதிகமா ஏத்தினா இன்னொண்ணு இறங்கும். இந்தச் சூட்சுமம் தெரியாம ஊர்ல பாதிப் பேர் தொட்டி வச்சிருக்கான்.”

“அப்படியா மாமா?”

“உனக்கு எங்க புரியப் போகுது? உன் வீட்ல மணிபிளான்ட்டே பட்டுப்போச்சு!”

சமுத்திரராஜன் தொட்டித் தண்ணீர் எடுத்த சோதனைக் குழாயை விளக்குக்கு நேரே பிடித்து, அதில் கால்சியத்தை அளக்கும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். உலகத்தின் நாடியே அவர் கையில் இருப்பது போல ஒரு முகம்.

“பார்த்தியா? நான் வீட்டுக்கு வந்ததிலிருந்து கால்சியம் அப்படியே நிக்குது. மருந்தே ஊத்தல, ஒரு புள்ளி குறையல! எவனாலயாவது முடியுமா?”

நாக்கு நுனி வரை வந்ததை மைத்துனன் விழுங்கினான். சற்று முன் சமையலறையில் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

“பவளம் எல்லாம் செத்துப்போச்சுடா. ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வருவேன், ஓடிப் போவேன். ஒருநாள் அவசரத்துல ரெண்டு பாட்டில் மருந்தையும் ஒரே சொம்புல கலந்து ஊத்திட்டேன். தொட்டியே பாலாயிடுச்சு. மீன் மட்டும் எப்படியோ பிழைச்சுது.”

“அப்ப உள்ளே இருக்கிறதெல்லாம்?”

“ரப்பர். கடை கடையா அலைஞ்சு அச்சு அசலா வாங்கினேன். தண்ணியில ஆடக்கூட ஆடும். பிள்ளை மாதிரி வளர்த்தாருடா. டாக்டர் வேற, அதிர்ச்சியே கூடாதுங்கிறார். நீ வாயைக் கட்டிட்டு இரு. அவரைச் சீண்டலேன்னா உனக்குச் சோறு இறங்காதே!”

எத்தனை வருஷம் காத்திருந்தான் இப்படி ஒரு தருணத்துக்கு! ரப்பருக்கு நாடி பார்க்கும் ஒரே வைத்தியர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பழம் நழுவிப் பாலில் விழுந்திருக்கிறது, குடிக்கத்தான் வழியில்லை.

அக்கா தேநீர்த் தட்டோடு வந்தாள்.

“எல்லாம் இவ கைராசி மாப்ளே,” என்றார் சமுத்திரராஜன், தெருவுக்கே கேட்கும்படி. “நான் படுத்துக் கிடந்தப்ப ஒண்ணுகூட வாடாம காப்பாத்தியிருக்கா. எனக்கே இந்த நிதானம் வராது.”

அக்காவின் முகம் வெளுத்தது. தம்பியைப் பார்த்தாள்.

“ஆமா மாமா, என்ன உயிர்ப்பா இருக்கு!” என்றான் அவன் அவசரமாக. வாழ்நாளில் அவரிடம் அவன் சொன்ன முதல் பாராட்டு. அதுவும் பொய்.

அக்காவுக்கு மூச்சு வந்தது. “பிஸ்கட் எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள்.

அவள் தலை மறையும்வரை சமுத்திரராஜன் காத்திருந்தார். பிறகு, மைத்துனன் இதுவரை கேட்டேயிராத தணிந்த குரலில் சொன்னார்:

“உயிரோட இருக்கிற பவளம் கால்சியத்தைத் தின்னும் மாப்ளே. அளவு தினம் குறையணும். குறையலன்னா அங்க உயிரே இல்லன்னு அர்த்தம். வந்த வாரமே தெரிஞ்சுபோச்சு. ராப்பகலா என் கட்டில் பக்கத்துல உட்கார்ந்து என்னை மீட்டுக் கொண்டுவந்தவ, இதை எங்க போய்ப் பார்ப்பா? எனக்குத் தெரியும்னு மட்டும் உங்கக்காகிட்ட சொல்லிடாதே. பாவம், தாங்க மாட்டா.”