மாறிப்போன கதவு

"எவனோ என் கதவை மாத்திட்டான்! ஊரே தண்ணில தத்தளிக்குது, இவனுக்குத் தேக்குக் கதவு கேக்குது!"

கதவுக்கடைக்காரர் போட்ட சத்தத்தில், வீட்டுக்கு வீடு சேறு வழித்துக்கொண்டிருந்த தெரு நிமிர்ந்து பார்த்தது.

இடிக்கிற வீடுகளில் பழைய கதவுகளைப் பேசி வாங்கி விற்பது அவர் தொழில். அப்படி ஒரு பேரத்துக்கு வெளியூர் போன இடத்தில், வெள்ளம் வந்து சாலையைத் துண்டித்துவிட்டது. தண்ணீர் வடிந்து இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தார். வந்தவர், கடைக்குப் பின்னாலேயே இருந்த தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகக் கடைக்குள் நுழைந்தார்.

கேட்டில் அவர் கையாலேயே சிவப்புப் பெயின்டில் எழுதிய 'கேட்காமல் கதவைத் தொடாதே' அழியாமல் இருந்தது. உள்ளே, கயிறு போட்டுக் கட்டியிருந்த கதவுகள் சேறும் சகதியுமாகச் சாய்ந்து கிடந்தன. அவற்றின் மேல், அவர் வாங்கவே வாங்காத ஒரு நீலக் கதவு.

எதிர் மாடியிலிருந்து தையல்கார அம்மா எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களாண்ணே? அண்ணி இங்க என் வீட்டுலதான் இருக்காங்க. முதல்ல மேல வந்து அவங்களைப் பாருங்க."

"கால்ல மாவுக்கட்டோட அவ எங்கம்மா ஓடிடப் போறா? போன்லதான் பேசினேனே, நல்லா இருக்கேன்னா. முதல்ல இந்தத் திருட்டுப் பயலைப் பிடிக்கணும்."

"கதவையெல்லாம் எண்ணிப் பாத்தீங்களா?"

"எண்ண என்ன இருக்கு? இந்த உருப்படாததைப் போட்டுட்டு, நல்லதா ஒண்ணைக் கிளப்பிட்டான்."

"வெள்ளத்துல அடிச்சுட்டு வந்திருக்கும்ணே."

"யார்கிட்ட? தண்ணி அடிச்சா கீல் பிஞ்சு, கட்டையோட பேந்து வரும். இது திருப்புளி போட்டு ஒவ்வொரு திருகா நிதானமாக் கழட்டினது. வேணும்னே கழட்டியிருக்கான்!"

தையல்கார அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆள் இல்லை. நீலக் கதவைத் தலையில் தூக்கிக்கொண்டு தெரு முனைக்கே போய்விட்டார் கடைக்காரர்.

அங்கிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று வைத்து அளந்தார்.

"எங்க வீட்டுலதான் கதவு இருக்கேண்ணே" என்றார் இஸ்திரிக்காரர்.

"அது என்னுதான்னுதான் பாக்குறேன்."

"எங்க மாமனார் போட்டதுண்ணே. தட்டிப் பாருங்க, அவரை மாதிரியே உளுத்துப் போயிருக்கும்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். கடைக்காரர் திரும்பி முறைத்ததும் சிரிப்பு நின்றது.

அளந்து அளந்து, கடைசியில் தன் கடைக்கு எதிரிலேயே வந்து நின்றார். தையல்கார அம்மாவுக்குக் கீழ் வீடு, மோட்டார் மெக்கானிக்குடையது. வாசலில் ஒரு போர்வை தொங்கியது. காயப்போட்ட துணி என்று இவ்வளவு நேரம் நினைத்திருந்தார். விலக்கிப் பார்த்தால் பின்னால் கதவே இல்லை.

நீலக் கதவை நிலையில் வைத்தார். ஊறி உப்பியிருந்தாலும் கீல் பதிந்த தடம் நூல் பிசகாமல் பொருந்தியது.

"மாட்டினியா! கடைக்கு வந்து என் கதவுல சாஞ்சு நின்னப்பவே உன்னைத் துரத்தினவன்டா நான். எங்கடா என் தேக்கு?"

கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக் வெளியே வந்தார்.

"உங்களோடது எதையும் நான் தொடலண்ணே. எண்ணிப் பாருங்க, ஒண்ணு கூடத்தான் இருக்கும், குறையாது."

"அப்ப உன்னோடது என் கடைக்குள்ள ஏன் வந்துச்சு? கால் முளைச்சு நடந்து வந்துச்சா?"

"கழட்டினது நான்தான். வேலை முடிஞ்சதும் கட்டி வைக்க மறந்துட்டேன். தண்ணி இழுத்துட்டுப் போய் உங்க கடையில சேத்துருச்சு. நீங்க வரட்டும், கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு இருந்தேன்."

"தண்ணி ஏறிக்கிட்டு வர்ற நேரத்துல கதவைக் கழட்டி அப்படி என்னடா வேலை பாத்தே?"

மெக்கானிக் மேலே பார்த்தார்.

மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி, ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள் கடைக்காரரின் மனைவி.

"கட்டில் வரைக்கும் தண்ணி வந்துருச்சுங்க. இந்தக் காலோட என்னால தண்ணியில இறங்கி நடக்க முடியல. அந்தக் கதவுல படுக்க வச்சுத்தான் அவரு என்னை இங்க தள்ளிட்டு வந்தாரு."

"போன்ல நீ சொல்லவே இல்லையே?"

"நீங்க கதவைப் பத்தித்தானே கேட்டீங்க?"

கடைக்காரர் நீலக் கதவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

"எதுக்க என் கடையில அத்தனை கதவு கிடந்துச்சேப்பா. கயித்தை அறுத்து ஒண்ணை எடுத்திருக்கக் கூடாதா? சொந்த வீட்டுக் கதவையா கழட்டுறது?"

மெக்கானிக் எதிர்க் கேட்டில் இருந்த சிவப்பு எழுத்தைப் பார்த்தார்.

"உங்களைக் கேக்காமயாண்ணே?"

கடைக்காரரும் திரும்பி அந்த எழுத்தைப் பார்த்தார்.

மேலேயிருந்து மனைவிதான் கத்தினாள்.

"இன்னும் ஏங்க நிக்கிறீங்க? ஊறிப் போன அதைக் கீழ வைங்க. நம்ம கடையில இருக்கிறதுலயே நல்ல கதவா ஒண்ணை நீங்களே தூக்கிட்டு வந்து, நீங்களே அந்த வாசல்ல மாட்டுங்க. பேரம் பேசாம!"