தாழ்ப்பாள் இல்லாத அறை

"ஏண்டி, உன் ரூம் கதவுல தாழ்ப்பாளைக் காணோம்?"

கல்யாணமாகி ஆறு மாதம். மகளைப் பார்க்க முதல் முறையாக வந்திருந்த அம்மா, பையைக் கீழே வைக்கும் முன்பே கவனித்துவிட்டாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு ஸ்க்ரூ ஓட்டைதான் மிச்சம்.

"அத்தை கழட்டிட்டாங்கம்மா. நான் வந்த ரெண்டாம் நாளே."

"எதுக்காம்?"

"கேக்கலை. தட்டாம யாரும் உள்ளே வரமாட்டாங்க. விடேன்."

"விடறதா? மாப்பிள்ளை பாதி நாள் நைட் ஷிப்ட் போறாரு. தனியாப் படுக்கிற பொண்ணுக்கு ஒரு தாழ்ப்பாள் கூடவா கூடாது? இரு, நானே கேக்கறேன்."

கேட்க வாய் திறப்பதற்குள் ஹாலில் விசில் அலறியது.

"தீ! தீ! எல்லாரும் கீழே ஓடுங்க!"

அம்மா வெலவெலத்துப் போனாள். மகளோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாமாதாம்மா! மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை ஒத்திகை. வா, வா!"

மாமியார் கேஸை மூடினாள். மாப்பிள்ளை மெயின் சுவிட்சை அணைத்தான். ஆளுக்கொரு ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு மூன்று மாடியும் தடதடவென்று இறங்கி, கேட்டுக்கு வெளியே மரத்தடியில் போய் நின்றார்கள்.

மாமனார் கழுத்தில் விசிலும் கையில் கடிகாரமுமாக மூச்சு வாங்கினார்.

"ரெண்டு நிமிஷம் பத்து செகண்ட்! போன மாசத்தைவிட அரை நிமிஷம் ஜாஸ்தி. சம்பந்தியம்மா செருப்பைத் தேடினதுல வந்த வினை!"

எல்லோரும் சிரித்தார்கள், அம்மாவைத் தவிர.

ஆண்கள் மேலே போனார்கள். மகளும் பின்னாலேயே ஓடினாள். மாமியாரும் கிளம்ப, அம்மா வழி மறித்தாள்.

"நெருப்புக்கு இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கீங்க. ஒரு பொண்ணு தூங்கற அறைக்குத் தாழ்ப்பாள் வேண்டாமா, சம்பந்தி? இதென்ன நியாயம்?"

மாமியார் மாடிப்படியை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதைக் கழட்டினதே நெருப்புக்குப் பயந்துதான்."

"புரியலை."

"ஹால்ல புகை அலாரம் இருக்கு. அடிச்சா தெருவே எழுந்துக்கும். ஆனா உங்க பொண்ணு வலது காதைத் தலகாணியில அழுத்திப் படுத்துட்டா அவளுக்கு மட்டும் கேக்காது. உள்ளே தாழும் போட்டிருந்தா, நான் எப்படிப் போய் எழுப்புவேன்?"

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

பன்னிரண்டு வயதில் வந்த காய்ச்சல், மகளின் இடது காதைக் கொண்டு போயிருந்தது. "யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று சொல்லிச் சொல்லி வளர்த்து, மறைத்துத்தான் கல்யாணத்தை முடித்திருந்தாள். இந்த ஆறு மாதமும் போன் அடித்தாலே, விஷயம் தெரிந்துவிட்டதோ என்று பயந்துகொண்டேதான் எடுப்பாள்.

"அவ... அவளே சொல்லிட்டாளா?"

"எங்கே! இன்னும் சமாளிச்சுக்கிட்டுதான் இருக்கா. நாங்களா கேட்டா கூசிப் போயிடுவா. அவளுக்கா எப்போ சொல்லத் தோணுதோ அப்போ சொல்லட்டும்னு இருக்கோம்."

அம்மாவின் கைகள் தானாகக் குவிந்தன.

"மன்னிச்சிடுங்க சம்பந்தி. தெரிஞ்சா எங்கே சம்பந்தமே கலைஞ்சு போயிடுமோன்னு..."

"அட, கையைக் கீழே போடுங்க! யாராவது பார்த்தா நான்தான் உங்களை மிரட்டறேன்னு நினைப்பாங்க."

அழுகையோடு அம்மாவுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"எப்போ கண்டுபிடிச்சீங்க?"

"முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டரா இருந்தவ நான். முதல் முதலா உங்க வீட்டுக்கு வந்தோமே, அன்னைக்கு அவளுக்கு இடது பக்கம் உக்காந்து, என்ன படிச்சேன்னு ரெண்டு தடவை கேட்டேன். திரும்பவே இல்லை. வலது பக்கம் மாறி உக்காந்து கேட்டேன், கடகடன்னு பேச ஆரம்பிச்சுட்டா. திரும்பிப் போற வழியிலேயே பையன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன்."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"'அவ்வளவுதானேம்மா? நான் அவளுக்கு வலது பக்கமாவே நடந்துட்டுப் போறேன்'னான். அதுக்கப்புறம்தான் உங்களுக்குப் போன் பண்ணிச் சம்மதம் சொன்னோம்."