சொந்த உபயோகத்துக்கு

“நானூத்திப் பன்னெண்டு நாள் ஆச்சு மேடம், இதை வாங்கி. ரசீது இருக்கு.”

விமான நிலையத்துச் சுங்க அதிகாரி ரசீதைப் பார்த்தார். மேசைக்கு முன்னால் இருந்த சக்கர நாற்காலியைப் பார்த்தார். அதன் கைப்பிடியை இறுகப் பிடித்து நின்ற இளம்பெண்ணையும் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஒரு வருஷத்துக்கு மேல உபயோகிச்ச சொந்தப் பொருளுக்குத்தான் வரி இல்ல. இது யாரோடது?”

“என்னோடதுதான்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. “போன வாரம் ஒருத்தர் நாலு தையல் மெஷினோட வந்தார். எல்லாம் சொந்த உபயோகத்துக்குன்னார். உங்களுக்கு எத்தனை காலுய்யான்னு கேட்டேன். நீங்களும் என் காதுல பூ சுத்தாதீங்க. உட்காருங்க.”

“பரவாயில்ல மேடம், நிக்கிறேன்.”

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று நினைத்துக்கொண்டே அதிகாரி நாற்காலியைச் சோதித்தார். சக்கரங்கள் தேய்ந்திருந்தன. இருக்கை நடுவில் குழிந்திருந்தது.

“பழசுதான், ஒத்துக்கறேன். ஆனா அடுத்தவங்களுக்குக் கொண்டு வந்தா வரி உண்டு. இல்லேன்னா இங்கயே வெச்சிட்டுப் போங்க. நாளைக்குப் பார்க்கலாம்.”

“ஐயோ, இன்னிக்கே வேணும் மேடம்!” அவள் கண் கலங்கிவிட்டது. “அம்மா வெளிய காத்துக்கிட்டு இருக்காங்க. இதோடதான் அவங்க முன்னாடி போகணும்.”

அதிகாரியின் குரல் தணிந்தது. “அம்மாவுக்கா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? நோயாளிக்குன்னா தனிப் படிவம் இருக்கு. எழுதிக் குடுங்க, விட்டுடறேன்.”

நீட்டிய தாளை அவள் தொடவில்லை. “பொய் எழுத மாட்டேன் மேடம். இது என்னோடது.”

‘சரியான அழுத்தக்காரி!’ அதிகாரி பறிமுதல் புத்தகத்தை இழுத்துப் பேனாவைத் திறந்தார். அப்போது அவள் போன் அடித்தது.

“எடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க.”

“பாப்பா, இறங்கிட்டியா?” அம்மாவின் குரல் மேசை அதிரக் கேட்டது. “வேன்ல சரிவுப் பலகை போட்டாச்சு. உன்னைத் தூக்கி உட்கார வைக்க அண்ணன் வந்திருக்கான். யாரையாவது நாற்காலியைத் தள்ளிட்டு வரச் சொல்லு. தனியா உருட்டிக்கிட்டு வந்து எங்கயாவது இடிச்சுக்காதே!”

“வந்துடறேம்மா.”

போனை வைத்தாள். அதிகாரி பேனாவை மூடினார்.

“நடக்க ஆரம்பிச்சு நாப்பத்தோரு நாள் ஆகுது மேடம்,” என்றாள் அவள் மெல்ல. “வீட்டுல இன்னும் யாருக்கும் தெரியாது.”